நோயாளிக்குத் தெரியாத பக்கம்

செங்கல்பட்டு மாவட்டத்துக் கருங்குழியில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் வீட்டார் முதலில் கேட்பது, "நல்ல டாக்டர் யாரு?" என்பதுதான். பதில் பக்கத்து வீட்டிலிருந்தோ மருந்துக்கடையிலிருந்தோ வரும். பங்குச் சந்தையில் பணம் போடுகிறவர் அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் படித்துப் பார்க்கலாம். உயிரையே ஒப்படைக்கிறவர் அந்த மருத்துவர்மேல் முன்பு நடவடிக்கை ஏதும் உண்டா என்று பார்க்க முடியுமா?

இங்கிலாந்தில் 1858-ல் வந்த மருத்துவச் சட்டம், தகுதி பெற்றவர் யார், பெறாதவர் யார் என்று மக்கள் அறிவதற்காகப் பதிவேட்டை உருவாக்கியது. சென்னை மாகாணத்தில் 1914-ல் மருத்துவர் பதிவுச் சட்டம் வந்தது. பதிவேட்டில் பெயரும் பட்டமும் இருந்தன. புகார்களின் கதை கவுன்சிலின் கோப்புக்குள்ளேயே இருந்தது.

1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கட்டணம் வாங்கும் மருத்துவச் சேவையும் அதற்குள் அடங்கும் என்று வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-ல் தீர்ப்பளித்தது. நோயாளி அன்று நுகர்வோர் ஆனார். ஆனால் இழப்பீடு கேட்பது பாதிப்புக்குப் பிறகு. தகவல் தேவைப்படுவது அதற்கு முன்பு.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறைகள், மருத்துவர் தம் பதிவு எண்ணை மருத்துவமனையிலும் மருந்துச் சீட்டிலும் காட்ட வேண்டும் என்றன. பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்பட்டால் உள்ளூர்ப் பத்திரிகைகளில் விளம்பரப்படுத்த வேண்டும் என்றன. வெறும் எச்சரிக்கையோடு முடிந்த வழக்குகளுக்கு அப்படி ஒரு விதி இல்லை. 2020-ல் அந்தக் கவுன்சில் போய் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. ஆணையம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட புதிய நடத்தை விதிகள் அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டன. பழைய நெறிமுறைகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன.

அமெரிக்காவிலும் முழு வெளிச்சம் இல்லை. 1990-ல் தொடங்கிய தேசியத் தகவல் வங்கியை மருத்துவமனைகள் பார்க்கலாம். அதிலுள்ள மருத்துவர்களின் பெயர்களைப் பொதுமக்கள் பார்க்க முடியாது. ஆனால் பல மாநில வாரியங்கள் தண்டனை உத்தரவுகளை இணையத்தில் வைக்கின்றன.

மருத்துவர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. பொய்ப் புகார் ஒன்று போதும், பல வருட நற்பெயர் கெட்டுவிடும். அதனால் எல்லாப் புகார்களையும் வெளியிட வேண்டியதில்லை. விசாரித்து முடிந்த உத்தரவுகளை மட்டும் பதிவு எண்ணோடு சேர்த்து வைத்தால் போதும்.

மருந்துச் சீட்டில் அந்த எண் ஏற்கெனவே அச்சாகி இருக்கிறது. அதைத் தேடினால் பட்டத்தோடு உத்தரவும் தெரியவேண்டும். அப்போதுதான் 1914-ன் பதிவேடு நோயாளிக்கும் உரியதாகும்.