எதிர்பார்ப்பு எண் எங்கிருந்து வந்தது? கர்னல் பாக்கெட் சோதனைகளை மதிப்பாய்வு செய்வது குறித்து

லினக்ஸ் கர்னலின் 5.6 பதிப்பு 2020 மார்ச்சில் வெளிவந்தபோது அதில் எஃப்க்யூ-பை என்ற புதிய பாக்கெட் வரிசைமுறை ஒன்றும் இடம்பெற்றது. அதை எழுதியவர்கள் சூரத்கல் தேசிய தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மோஹித் தஹிலியானியும் அவருடைய மாணவர்களும். இந்தியக் கல்லூரி ஒன்றிலிருந்து கர்னலின் வலைப்பின்னல் பகுதிக்குள் ஒரு முழு நிரல்கோப்பு போய்ச் சேர்வது அடிக்கடி நடப்பதல்ல. ஆனால் இக்கட்டுரை பேச வருவது அந்த நிரலைப் பற்றியல்ல. பிறகு அதற்கென எழுதப்பட்ட ஒரு சின்னஞ்சிறு சோதனையைப் பற்றி.

திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய் நிரம்பிய பிறகுதான் கலுங்கு வழியே மறுகால் பாயும். பழைய பாக்கெட் வரிசைகளும் அப்படித்தான்: இடம் தீர்ந்த பிறகே பாக்கெட்டைக் கைவிடும், அதற்குள் காத்திருப்பு எகிறிவிடும். 2001-இல் மேலூர் வட்டாரக் கிராமங்களுக்கு இணையம் கொண்டுபோன சென்னை ஐஐடியின் கார்டெக்ட் இணைப்பு நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் தந்தது. 35 கிலோபிட்டில் 1500 பைட் பாக்கெட் ஒன்று போக மூன்றில் ஒரு நொடி ஆகும். முன்னால் பத்து பாக்கெட் நின்றால் பதினோராவது மூன்று நொடிக்கு மேல் காத்திருக்கும். வேகம் இன்று பல மடங்கு கூடிவிட்டது; ஆனால் ஒரே செல்பேசிக் கோபுரத்தை ஊரே பகிர்ந்துகொள்ளும் கரிசல் கிராமத்தில் வரிசை இன்னும் வரிசைதான். எஃப்க்யூ-பைக்கு அடிப்படையான பை வழிமுறை வரிசையின் தாமதத்தைக் கணித்து, 15 மில்லிநொடி இலக்கைத் தாண்டப்போகும்போதே சில பாக்கெட்டுகளைக் கைவிடத் தொடங்கும். எஃப்க்யூ-பை அதோடு போக்குவரத்தைத் தனித்தனி ஓட்டங்களாகவும் பிரிக்கும். வேறு எண் தராவிட்டால் 1024 ஓட்டங்கள்.

இந்த ஓட்ட எண்ணிக்கையில்தான் சிக்கல் வந்தது. உச்ச வரம்பு 65536. ஓட்டங்களை ஒவ்வொன்றாகத் தயார்செய்யும் சுழற்சியின் எண்ணியோ 16 பிட் மாறி. அது 65535 வரை ஏறி மறுபடி பூஜ்யத்துக்கு விழும். ஒருநாளும் 65536-ஐத் தொடாது. அந்த எண்ணோடு கட்டளை கொடுத்தால் கர்னல் முடிவில்லாச் சுழற்சியில் மாட்டிக்கொள்ளும். முதல் திருத்தம் வரம்பைக் குறைத்தது: 65536 செல்லாது. கூடவே ஒரு சோதனையும் சேர்ந்தது. 65536 ஓட்டங்கள் கேட்டால் கர்னல் மறுக்க வேண்டும் என்றது அது. கர்னல் மறுத்தது, சோதனை தேறியது.

2021 மே மாதம் இன்னொரு பேட்ச் வந்தது. 65536 செல்லுபடியாகும் எண்தான். நோய் மாறியின் அகலத்தில் இருக்கிறது. எண்ணியை 32 பிட்டாக்கு, பழைய வரம்பை மீட்டுக்கொடு, சோதனையையும் திருத்து. இதே மருந்தை வேறொருவர் முன்பே சொல்லியிருந்தார் என்பதையும் அந்தப் பேட்சின் குறிப்பு ஒளிக்கவில்லை. சோதனையில் 65536 இருந்த இடத்தில் 65537 வந்தது.

ஒரே ஓர் இலக்கம்தான். ஆனால் இடைப்பட்ட காலத்தில் அந்தச் சோதனை ஒரு தவறான முடிவுக்குக் காவல் நின்றது. சரியான திருத்தத்தோடு எவராவது வந்திருந்தால் அவரைத்தான் அது தோல்வி என்று திருப்பி அனுப்பியிருக்கும். நிரலும் சோதனையும் ஒரே கையிலிருந்து ஒரே நாளில் பிறந்தால் இரண்டும் ஒரே நம்பிக்கையைத்தான் சுமக்கும். ஆகவே மதிப்பாய்வாளரின் முதல் கேள்வி, எதிர்பார்ப்பு எண் எங்கிருந்து வந்தது என்பதாக இருக்க வேண்டும். வடிவமைப்பிலிருந்தா, அல்லது திருத்திய நிரலைப் பார்த்தே எழுதியதா?

அதே நாட்களில் வெளிப்பட்ட இரண்டாவது பிழை இன்னும் நுட்பமானது. பாக்கெட்டை வகைப்படுத்தும் செயற்கூறு ஓட்டங்களை 1 முதல் எண்ணித் தரும். அணியோ 0-விலிருந்து தொடங்குகிறது. இதன் மூத்த உறவான எஃப்க்யூ-கோடெல் ஒன்றைக் கழித்துக்கொள்ளும். இங்கே அது விடுபட்டிருந்தது. 1024 ஓட்டங்களில் கடைசி ஓட்டத்துக்கு உரிய பாக்கெட் மட்டும் அணிக்கு வெளியே கைவைக்கும். வரிசையை உருவாக்கி, அமைப்பைப் படித்துப் பார்த்து, அழித்துவிடும் சோதனை இதை எத்தனை முறை ஓடினாலும் காணாது. அதில் ஒரு பாக்கெட்கூடப் பயணம் செய்வதில்லை. பிழையைக் காட்டிய கட்டளைகள் ஓட்டங்களை இரண்டாகச் சுருக்கின, பாக்கெட்டைக் கடைசி ஓட்டத்துக்கே தள்ளின, பிறகு பிங் அனுப்பின. நினைவக மீறலைக் கண்டுபிடிக்கும் கேசான் உடனே கத்தியது. எல்லையை எட்டும் தூரத்துக்கு இழுத்துவருவதே நல்ல சோதனையின் திறமை.

மறுப்பை எதிர்பார்க்கும் சோதனைகளில் இன்னொரு பொறியும் உண்டு. மேற்சொன்ன 65537 சோதனை, கட்டளை 2 என்ற எண்ணோடு முடிய வேண்டும் என்கிறது. எஃப்க்யூ-பை சேர்க்கப்படாத கர்னலிலும் அந்தக் கட்டளை 2-இல்தான் முடியும். மறுப்பு வந்ததா என்பது போதாது. எதற்காக வந்தது என்பதையும் சோதனை கேட்க வேண்டும்.

மதிப்பாய்வாளர்களுக்கு நேரம் அரிது, அதை நிரலுக்கே செலவிட வேண்டும் என்பார்கள். இந்த வாதம் பாதிதான் சரி. நிரலின் பிழையைப் பயன்படுத்துபவர் என்றாவது முட்டிக் கண்டுபிடிப்பார். சோதனையின் பிழையை எவரும் முட்டுவதில்லை. அதைப் பிடிக்க எளிய வழி ஒன்றுண்டு: திருத்தத்தை நீக்கிவிட்டுச் சோதனையை ஓட்டிப் பார்ப்பது. தோற்காவிட்டால் அது எதையும் காக்கவில்லை.

இந்த வேலைக்குப் பெங்களூரு அலுவலகம் வேண்டாம். கர்னலோடு வரும் இச்சோதனைகள் ஒரே கணினிக்குள் தனி வலைப்பின்னல் வெளிகளையும் போலி இடைமுகங்களையும் உருவாக்கிக்கொண்டு ஓடுகின்றன. ரௌட்டரோ, வேக இணைப்போ தேவையில்லை. சாதாரண மடிக்கணினியில் ஒரு மெய்நிகர் கணினி போதும். சூரத்கல் மாணவர்கள் நிரலே எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். அருப்புக்கோட்டை வட்டாரக் கல்லூரிகளின் கணினித் துறைகள் இறுதியாண்டுத் திட்டத்துக்கு இன்னொரு வருகைப்பதிவுச் செயலியை எழுதவைப்பதற்குப் பதிலாக, வரிசைமுறைக்கு ஒன்றாக இச்சோதனைகளை மாணவர்களிடம் பிரித்துக் கொடுத்து, ஒவ்வோர் எண்ணும் ஏன் அங்கே நிற்கிறது என்று எழுதிவரச் சொல்லலாம்.