திருடுபோன காருக்கு நியாயமான காப்பீட்டுத் தொகை: குறையாமல் பெறுவது எப்படி?

கார் திருடுபோனால் காப்பீட்டு நிறுவனத்திடம் எவ்வளவு கேட்கலாம், அவர்கள் குறைத்துச் சொன்னால் என்ன செய்வது என்று நம்மிடம் விசாரிக்கும் சகோதரர்களில் பலர், நிறுவனம் தரும் பணத்தை ஏதோ கருணைத் தொகை போல எண்ணிப் பேசுகிறார்கள். அது கருணையல்ல, ஒப்பந்தம். திருட்டுக்கு எவ்வளவு என்பது திருட்டு நடந்த பிறகு முடிவு செய்யப்படுவதும் அல்ல. பாலிசி போட்ட அன்றே அந்தத் தொகை எழுதப்பட்டுவிடுகிறது. ஆகவே நாம் செய்ய வேண்டியது, எழுதியதைக் குறையாமல் கேட்டு வாங்குவதுதான்.

காப்பீடு மார்க்கத்தில் கூடுமா என்பது தனி விவாதம். அதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இங்கே அதற்குள் நாம் போகவில்லை. பாலிசி எடுத்து, பிரீமியம் கட்டி, வண்டியையும் இழந்து நிற்கும் ஒருவருக்குச் சட்டப்படி என்ன உரிமை இருக்கிறது என்பதை மட்டும் பார்ப்போம்.

முதலில் பாலிசித் தாளை எடுத்துப் பாருங்கள். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது 'தேர்டு பார்ட்டி' காப்பீட்டை மட்டுமே. நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் இழப்புக்கானது அது. அது மட்டும் இருந்தால் திருட்டுக்கு ஒரு ரூபாயும் கிடைக்காது. 'காம்ப்ரிஹென்சிவ்' பாலிசியோ, தனியாக 'ஓன் டேமேஜ்' பாலிசியோ இருக்க வேண்டும்.

அந்தத் தாளில் 'ஐ.டி.வி.' என்று ஒரு தொகை இருக்கும். வண்டிக்கு நிறுவனமும் நாமும் ஒப்புக்கொண்ட மதிப்பு அது. தயாரிப்பாளர் அறிவித்த விலையிலிருந்து வண்டியின் வயதுக்கு ஏற்பத் தேய்மானம் கழித்து இதைக் கணக்கிடுவார்கள். ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, மூன்றாண்டு வரை 30, நான்காண்டு வரை 40, ஐந்தாண்டு வரை 50 என்பது நெடுங்காலமாக வழக்கில் உள்ள அட்டவணை. 8,00,000 ரூபாய் விலையுள்ள கார், இரண்டு வயது கடந்து மூன்றாம் ஆண்டில் இருக்கும்போது பாலிசி புதுப்பித்தால் ஐ.டி.வி. 5,60,000 ரூபாய் அளவில் வரும். ஐந்தாண்டு கடந்த வண்டிக்கு அட்டவணை கிடையாது. இரு தரப்பும் பேசி முடிவு செய்துகொள்வதுதான்.

பேரம் பேச வேண்டிய உண்மையான இடம் இதுதான். ஆனால் பெரும்பாலோர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். இணையத்தில் புதுப்பிக்கும்போது பிரீமியம் குறைகிறதே என்று ஐ.டி.வி.யைக் குறைத்துவிடுவார்கள். ஒரு லட்சம் குறைத்தால் ஆண்டுக்கு மிச்சமாவது பெரும்பாலும் இரண்டு மூன்று ஆயிரத்தைத் தாண்டாது. திருடுபோனாலோ அந்த ஒரு லட்சம் முழுதாகப் போய்விடும். புதிய வண்டி வாங்குவோர் 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' என்ற கூடுதல் பாதுகாப்பையும் விசாரித்துக்கொள்வது நல்லது. ஐ.டி.வி.க்கும் பில் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை அது ஈடுசெய்யும். ஆனால் வண்டி வாங்கிய முதல் சில ஆண்டுகளுக்கு மட்டுமே அதைத் தருவார்கள்.

ஐ.டி.வி. பற்றி மறக்கக் கூடாத விதி ஒன்று உண்டு. முழு இழப்பு என்று வரும்போது, பாலிசி காலம் முழுவதும் ஐ.டி.வி.தான் வண்டியின் சந்தை மதிப்பு. அதன்மேல் மறுபடியும் தேய்மானம் கழிக்கக் கூடாது. பாலிசி எடுத்துப் பத்து மாதம் ஆகிவிட்டது, இன்றைய சந்தையில் உங்கள் வண்டி இவ்வளவுதான் போகும் என்று யாராவது சொன்னால், இந்த விதியைச் சுட்டிக்காட்டி எழுத்தில் பதில் கேளுங்கள். கழிக்க வேண்டியது கட்டாயக் கழிவு மட்டும்தான்: 1500 சி.சி. வரையுள்ள தனியார் காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய். பிரீமியச் சலுகைக்காக நீங்களே விரும்பிக் கூடுதல் கழிவு ஏற்றிருந்தால் அதுவும் சேரும்.

இனி, களவு தெரிந்த நாளில் செய்ய வேண்டியவை. வங்கியோ நிதி நிறுவனமோ தவணைக்காக வண்டியை எடுத்துச் சென்றிருக்கிறதா, நோ பார்க்கிங்கில் போலீசார் இழுத்துச் சென்றார்களா என்று உறுதிசெய்துகொண்டு, உடனே காவல் நிலையம் செல்லுங்கள். ஃபாஸ்டேக் கணக்கை அவசரப்பட்டு முடக்க வேண்டாம். வண்டி ஏதாவது சுங்கச்சாவடியைக் கடந்தால் உங்கள் கைபேசிக்கு வரும் குறுஞ்செய்தி போலீசாருக்குத் தடயமாகும்.

தமிழ்நாட்டில் ஒரு விஷயத்தில் கவனம் தேவை. புகார் கொடுத்ததும் பல நிலையங்களில் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சி.எஸ்.ஆர். என்பது மனு பெற்றதற்கான சான்றுதான், எஃப்.ஐ.ஆர். அல்ல. காப்பீட்டு நிறுவனம் கேட்பது எஃப்.ஐ.ஆர். திருட்டு, கைது செய்யத்தக்க குற்றம் என்பதால் வழக்குப் பதிவது நிலையத்தின் கடமை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும் என்கிறது. நகலை இலவசமாகத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அதன் பிறகும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டை அணுகலாம்.

அன்றைக்கே காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்லிவிடுங்கள். இலவச எண்ணில் சொன்னாலும் மின்னஞ்சலும் அனுப்பி, கிளெய்ம் எண்ணைக் குறித்து வையுங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கடன் இருந்தால் வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும்.

நிறுவனம் ஓர் இன்வெஸ்டிகேட்டரை அனுப்பும். அவர் சிரித்துப் பேசி, தேநீர் குடித்து, ஒரு வாக்குமூலம் எழுதி வாங்கிச் செல்வார். கிளெய்மின் தலையெழுத்து பெரும்பாலும் அந்தத் தாளில்தான் இருக்கிறது. முக்கியமான கேள்வி சாவி பற்றியது. இரண்டு அசல் சாவிகளையும் கேட்பார்கள். ஒன்று முன்பே தொலைந்திருந்தால் அதைத் தொலைந்தது என்றே சொல்ல வேண்டும். தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று சாவியை வண்டியிலேயே விட்டு இறங்கியவர் இருக்கலாம். அவரும் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். 'சாவி விஷயத்தை மாற்றிச் சொல்லிவிடு, இல்லையென்றால் பணம் வராது' என்று யோசனை சொல்பவர்கள் எங்கும் உண்டு. அந்த யோசனை பாவம் மட்டுமல்ல, நஷ்டமும்கூட. சாவியை வண்டியிலேயே விட்டிருந்த நிலையில் லாரி களவுபோன அசோக் குமார் வழக்கில், உச்ச நீதிமன்றம் 2023ல் 75 சதவீதம் வழங்க உத்தரவிட்டது. கவனக்குறைவுக்குக் கால் பங்கு போனது. முக்கால் பங்கு கிடைத்தது. பொய் வாக்குமூலம் அந்த முக்கால் பங்கையும் சேர்த்து அழித்துவிடக்கூடும். சி.சி.டி.வி. பதிவும் புதிய சாவிகளில் பதிவாகும் விவரமும் உள்ள காலம் இது. இன்வெஸ்டிகேட்டர் எழுதியதை முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். படிக்கத் தெரியாத மொழியில் இருந்தால் தமிழில் உங்கள் கையாலேயே எழுதிக் கொடுங்கள். படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தொகையைக் குறைக்கவும் மறுக்கவும் நிறுவனங்கள் சொல்லும் காரணங்களில் முதலில் வருவது தாமதம். 'எங்களுக்குத் தாமதமாகச் சொன்னீர்கள்' என்பார்கள். குர்ஷிந்தர் சிங் வழக்கில் டிராக்டர் களவுபோன அன்றே எஃப்.ஐ.ஆர். பதிவானது, நிறுவனத்துக்குத் தகவல் போனது 52 நாள் கழித்து. எஃப்.ஐ.ஆர். உடனே பதிவாகியிருந்தால், நிறுவனத்துக்குத் தாமதமாகச் சொன்னார் என்ற ஒன்றை மட்டும் வைத்து மறுக்கக் கூடாது என்று மூன்று நீதிபதிகள் அமர்வு 2020 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஜெய்னா கன்ஸ்ட்ரக்ஷன் வழக்கில் 2022ல் அதையே மீண்டும் உறுதி செய்தது உச்ச நீதிமன்றம். இந்தப் பாதுகாப்பு போலீசில் உடனே சொன்னவருக்குத்தான்; அங்கேயே தாமதித்தவர் இதை நம்பியிருக்க முடியாது.

அடுத்தது, சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு ஓட்டினீர்கள் என்பது. நிதின் கண்டேல்வால் வழக்கில், வண்டியே களவுபோன நிலையில் இப்படிப்பட்ட நிபந்தனை மீறலைக் காட்டி முழுக்க மறுக்க முடியாது என்று 2008ல் உச்ச நீதிமன்றம் சொல்லி, 75 சதவீதத்தை உறுதி செய்தது. இதை 'நான் ஸ்டாண்டர்டு' அடிப்படை என்பார்கள். இந்தச் சொல்லை எங்கே பார்த்தாலும் விழிப்பாகுங்கள். உண்மையான மீறல் இருந்தால் அது நமக்குச் சாதகம். எந்த மீறலும் இல்லாதவரிடம் 'கால் பங்கு கழித்துத் தருகிறோம், சீக்கிரம் முடித்துக்கொள்ளலாம்' என்று சொன்னால் அது அநியாயம். எந்த நிபந்தனை, பாலிசியின் எந்தப் பிரிவு, எப்படி மீறப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். வாய்மொழிப் பதிலுக்கு மதிப்பில்லை.

நிறுவனத்தின் பக்கம் நியாயம் இருக்கும் இடங்களும் உண்டு. தற்காலிகப் பதிவு காலாவதியான புதிய வண்டி களவுபோன சுஷில் குமார் கோதாரா வழக்கில், செல்லுபடியாகும் பதிவு இல்லாமல் ஓட்டியது அடிப்படை மீறல் என்று 2021ல் உச்ச நீதிமன்றம் கிளெய்மை மறுத்தது. பழைய கார் வாங்கியவர்கள் இன்னும் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். ஆர்.சி. பெயர் மாறினால் தேர்டு பார்ட்டி காப்பீடு தானாக மாறும்; திருட்டுக்கான காப்பீடு தானாக மாறாது. 14 நாளுக்குள் நிறுவனத்துக்கு விண்ணப்பித்து மாற்றிக்கொள்ள வேண்டும். மச்சானிடம்தானே வாங்கினோம், பிறகு மாற்றலாம் என்று விட்டவர்களுக்குச் சட்டத்தில் இடமில்லை. வளைகுடாவில் இருப்பவர் பெயரில் வண்டியும் பாலிசியும் இருந்தால், கிளெய்ம் அவருடையது. ஊரில் ஓட்டும் தம்பி கேட்க முடியாது. அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்ற பவர் பத்திரத்தை அனுப்பச் சொல்லுங்கள். அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் செலுத்திவிட வேண்டும்.

போலீசார் தேடிக் கிடைக்காவிட்டால் 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்ற சான்றிதழ் தருவார்கள். இதற்குத்தான் மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கிறது. அது வந்ததும் அசல் ஆர்.சி., சாவிகள், உரிமை மாற்றத்துக்கான 28, 29, 30ஆம் எண் படிவங்கள், கடன் இருந்தால் 35ஆம் எண் படிவம் ஆகியவற்றை ஒப்படைத்து, வண்டியின் உரிமையை நிறுவனத்துக்கு மாற்றித் தர வேண்டும். ஒப்படைக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒப்புகை வாங்குங்கள். தேவையில்லாத தாள்களைக் கேட்டு இழுத்தடித்தால், ஆவணம் இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் கிளெய்மை மறுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஜூனில் வெளியிட்ட சுற்றறிக்கையை எடுத்துக்காட்டலாம்.

கடன் வண்டியாக இருந்தால் பணம் முதலில் வங்கிக்குத்தான் போகும். மேலே சொன்ன 5,60,000 ரூபாய் வண்டியில் 3,50,000 கடன் பாக்கி என்றால், கழிவு 1,000 போக 2,09,000தான் கைக்கு வரும். கிளெய்ம் முடியும்வரை தவணையை நிறுத்த வேண்டாம். வண்டி போனதால் கடன் போவதில்லை. நிறுத்தினால் அபராதம் ஏறி, கைக்கு வரும் தொகைதான் குறையும்.

குறைத்த தொகைக்கு 'முழுமையான இறுதித் தீர்வு' என்று எழுதிய வவுச்சரை நீட்டுவார்கள். பணத்தின் அவசரம் புரிகிறது. ஆனாலும் 'ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். அன்றே மின்னஞ்சலிலும் ஆட்சேபணையைத் தெரிவியுங்கள். வற்புறுத்தலால் கையெழுத்திட்டிருந்தால் அது மீதித் தொகை கேட்கும் உரிமையைப் பறிக்காது என்று 1999லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் வற்புறுத்தல் நடந்ததை நாம்தான் நிரூபிக்க வேண்டும். அதற்கு அந்த ஒரு வரி பெரிதும் உதவும்.

சரிவரவில்லை என்றால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒழுங்குமுறை ஆணையத்தின் 'பீமா பரோசா' தளத்திலும், 155255 என்ற எண்ணிலும் புகார் பதியலாம். நிறுவனம் மறுத்தாலோ, ஒரு மாதம் வரை பதில் தராவிட்டாலோ காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்பளிக்கலாம். நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். அவர் அளிக்கும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். நமக்குத் திருப்தியில்லை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத் தடையில்லை. சிறிய, நேரடியான வழக்குகளுக்கு நாம் முதலில் சொல்வது ஆம்பட்ஸ்மேனைத்தான். சாட்சி, குறுக்கு விசாரணை என்று நீளக்கூடிய வழக்குக்கு நுகர்வோர் ஆணையமே பொருத்தம்.

நுகர்வோர் ஆணையத்தில் இரண்டாண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும். நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடரலாம். அங்கே வரம்பையும் கட்டணத்தையும் முடிவு செய்வது நீங்கள் கட்டிய பிரீமியம்தான், கேட்கும் தொகை அல்ல. பிரீமியம் ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் எதுவும் கிடையாது. தொகையோடு, தாமதத்துக்கான வட்டி, மன உளைச்சலுக்கான இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றையும் ஆணையம் வழங்கலாம். வட்டியை வாங்கிக்கொள்வதா, தேவையுள்ளோருக்குக் கொடுத்துவிடுவதா என்பதை அவரவர் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம்.

பணம் வருவதற்கு முன் வண்டி கிடைத்துவிட்டால், நீதிமன்றத்தில் மனுப் போட்டு வண்டியைப் பெற்றுக்கொண்டு, சேதத்துக்கு மட்டும் கிளெய்ம் செய்ய வேண்டும். பணம் வாங்கிய பிறகு கிடைத்தால் வண்டி நிறுவனத்துக்குச் சொந்தம். போலீசார் அழைத்தால் அந்தத் தகவலை நிறுவனத்துக்குத் தெரிவித்துவிடுவது நம் கடமை.