பூச்சிக்குள் பாக்டீரியா, பாக்டீரியாவுக்குள் வைரஸ்: கொங்கு வயல்களை முன்வைத்து ஒரு வாதம்

கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தில் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் புழுவின் தோலில் முதலில் தேடுவது ஒரு கரும்புள்ளியைத்தான். ஊசி ஈ முட்டையிட்டு, அதிலிருந்து வந்த புழு தோலைத் துளைத்து உள்ளே போன இடம் அது. உள்ளே போனது ஒரு வாரம் தின்று கொழுத்து வெளியே வரும். பட்டுப்புழு கூடு கட்டுமுன்பே செத்துப்போகும். கட்டி முடித்திருந்தாலும் கூடு ஓட்டையாகிவிடும், ஓட்டைக்கூட்டில் நூல் எடுக்க முடியாது. 1980-இல் மேற்கு வங்கத்திலிருந்து கர்நாடகத்துக்குத் தற்செயலாக வந்து சேர்ந்த இந்த ஈ, அங்கிருந்து தமிழ்நாட்டுக்கும் பரவியது. வளர்ப்பு மனைக்கு நைலான் வலை கட்டுவதும், ஈயின் கூட்டுப்புழுவைத் தாக்கும் நெசோலிங்ஸ் தைமஸ் என்ற சிறு குளவியை விடுவதும் இன்று வழக்கமாகிவிட்டன.

புழு, ஈ, குளவி என்று மூன்று உயிர்களைக் கொண்டு இந்தக் கணக்கைப் போடுகிறோம். பெங்களூரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புட்டராஜு குழுவினர் நான்காவது ஒன்றையும் சேர்த்தார்கள். ஊசி ஈயின் செல்களுக்குள் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. டெட்ராசைக்ளின் கொடுத்து அதை அகற்றினால் ஈயின் இனப்பெருக்கம் குலைகிறது என்று காட்டினார்கள். பட்டுப்புழுவுக்கு ஊட்டிய மருந்து, அதற்குள் இருக்கும் ஈயின் புழுவுக்கும், அந்தப் புழுவுக்குள் இருக்கும் பாக்டீரியாவுக்கும் போய்ச் சேரும் என்பதைப் பயன்படுத்திக்கொண்ட ஆய்வு அது. இந்தியப் பழ ஈ இனங்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, அவற்றின் வோல்பாக்கியாவுக்குள் டபிள்யூஓ என்ற வைரஸ் இருப்பதை அதே குழு 2011-இல் பதிவு செய்தது. ஆக, கணக்கில் ஐந்தாவதும் வந்துவிட்டது.

பாக்டீரியாவைத் தாக்கும் வைரசை இக்கட்டுரையில் ஃபேஜ் என்றே குறிக்கிறேன். 1915-இல் டுவார்ட்டும் 1917-இல் தெரெல்லும் கண்டறிந்த காலத்திலிருந்து ஃபேஜ் என்றாலே பாக்டீரியாவைக் கொல்வது என்ற எண்ணம் பதிந்துவிட்டது. பூச்சிக்குள் வாழும் பாக்டீரியாவைப் பொறுத்தவரை இந்த எண்ணம் நம்மைத் தவறான திசைக்கு இழுக்கிறது. நான் முன்வைப்பது இரண்டு கூற்றுகள். ஒன்று: ஃபேஜ் இருக்கும் இடங்களில் பூச்சியின் விதியைத் தீர்மானிக்கும் மரபணு பெரும்பாலும் ஃபேஜின் பகுதியிலேயே இருக்கிறது, பாக்டீரியாவின் குணம் என்று நாம் எழுதிவைத்ததில் பாதி, வைரசின் கணக்கில் எழுதப்பட வேண்டியது. இரண்டு: ஃபேஜ் இருக்கிறதா இல்லையா என்பதே அந்தப் பூச்சிக்கும் பாக்டீரியாவுக்கும் இடையிலான உறவு எத்தகையது என்பதற்கு ஓர் அடையாளம். இவற்றில் முதலாவதற்குச் சான்றுகள் வலுவானவை. இரண்டாவது என் ஊகம். சோதித்துப் பார்க்கத் தக்க ஊகம் என்பதால் எழுதுகிறேன்.

வோல்பாக்கியாவிலிருந்தே தொடங்கலாம். 1924-இல் ஹெர்ட்டிக், வோல்பாக் இருவரும் கியூலெக்ஸ் கொசுவின் இனப்பெருக்க உறுப்புகளில் இதைக் கண்டார்கள். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 1971-இல், யென், பார் இருவரும் ஒரு பழைய புதிரை இதனுடன் இணைத்தார்கள். பாக்டீரியா உள்ள ஆண் கொசு, பாக்டீரியா இல்லாத பெண்ணுடன் சேர்ந்தால் முட்டைகள் பொரிவதில்லை. பெண்ணிடமும் அதே வகை பாக்டீரியா இருந்தால் சிக்கலே இல்லை. ஓர் இனத்துக்குள் இந்தப் பாக்டீரியா தலைமுறைதோறும் தாய்வழியாகவே கடத்தப்படுவது. எனவே தன்னைச் சுமக்காத பெண்களின் வாரிசை அழிப்பது அதற்கு ஆதாயம். ஈவிரக்கமற்ற ஏற்பாடு, ஆனால் கச்சிதமானது.

இந்த ஏற்பாட்டைச் செய்யும் மரபணுக்கள் எங்கே இருக்கின்றன என்பது 2017 வரை தெரியவில்லை. அந்த ஆண்டு இரண்டு அமெரிக்கக் குழுக்கள் தனித்தனியாக ஒரே விடையை எட்டின. அருகருகே இருக்கும் இரண்டு மரபணுக்கள் அவை. ஒரு குழு சிஃப் என்றும் மற்றது சிட் என்றும் பெயரிட்டது. (பெயர்ச் சண்டை இன்னும் ஓயவில்லை.) அவை இருந்த இடம்தான் முக்கியம்: பாக்டீரியாவின் மரபணுத் தொகுதிக்குள் செருகிக்கொண்டு உறங்கும் டபிள்யூஓ ஃபேஜின் பகுதி. இதே ஃபேஜின் ஒரு கூறில், விலங்குச் செல்களின் புரதங்களை ஒத்த வரிசைகள் இருப்பதை போர்டன்ஸ்டைன் இணையர் 2016-இலேயே காட்டியிருந்தார்கள். அவற்றுள் ஒன்று கறுப்பு விதவைச் சிலந்தியின் நஞ்சை ஒத்தது. பாக்டீரியாவைத் தாக்கும் வைரசுக்குச் சிலந்தியின் நஞ்சு எதற்கு? இந்த ஃபேஜ் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், பாக்டீரியாவின் சவ்வோடு பூச்சிச் செல்லின் சவ்வையும் கடக்க வேண்டும். ஆற்றிலும் மண்ணிலும் திரியும் ஃபேஜ்களுக்கு இந்த இரட்டை வேலி இல்லை. பூச்சியின் செல்லோடு நேரடியாகப் பேசத் தெரிந்த மரபணுக்கள் இந்த வைரசில் சேர்ந்திருப்பதற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தென்படவில்லை.

இரண்டாவது சான்று அசுவினியிலிருந்து. பட்டாணி அசுவினியில் ஹாமில்டோனெல்லா டிஃபென்சா என்றொரு பாக்டீரியா உண்டு. அது இருந்தால், அசுவினிக்குள் முட்டையிடும் குளவியின் வாரிசு வளராமல் செத்துவிடும் என்று ஆலிவர், மோரான் உள்ளிட்டோர் 2003-இல் காட்டினார்கள். பாதுகாப்பின் அளவு மட்டும் ஏன் வழிக்கு வழி இவ்வளவு மாறுகிறது என்பது புதிராக இருந்தது. 2009-இல் விடை கிடைத்தது. குளவியின் வாரிசைக் கொல்லும் நஞ்சைச் சுமப்பது ஏப்சி என்ற ஃபேஜ். ஆய்வகத்தில் வளர்ந்த சில அசுவினி வழிகளில் ஃபேஜ் தானாகவே தொலைந்துபோனது. பாக்டீரியா அப்படியே இருந்தும், பாதுகாப்பு போய்விட்டது. ஃபேஜின் வகை மாறினால் அது சுமக்கும் நஞ்சும் மாறுகிறது, பாதுகாப்பின் அளவும் மாறுகிறது. நம் தட்டைப்பயறிலும் நிலக்கடலையிலும் கருகருவென்று அப்பியிருக்கும் பயறு அசுவினியிலும் ஹாமில்டோனெல்லா காணப்படுவது உண்டு. சில குளவி இனங்களுக்கு எதிராக அது அங்கும் காவல் செய்கிறது.

இனி ஃபேஜ் இல்லாத பூச்சிகள். என் இரண்டாவது கூற்று இங்குதான் தொடங்குகிறது.

2008-இல் கோவையில் முதலில் பதிவான பப்பாளி மாவுப்பூச்சி, ஈரோடு, திருப்பூர் பக்கம் பப்பாளி, மல்பெரி, குச்சிக்கிழங்கு எதையும் விட்டுவைக்கவில்லை. அதற்கும், மல்பெரியின் துக்ரா நோய்க்குக் காரணமான இளஞ்சிவப்பு மாவுப்பூச்சிக்கும் உள்ளே ஒரு வினோதமான குடித்தனம் நடக்கிறது: டிரெம்ப்ளயா என்ற பாக்டீரியா, அதற்குள்ளேயே இன்னொரு பாக்டீரியா. செடிச்சாற்றில் கிடைக்காத அமினோ அமிலங்களை இவை பங்குபோட்டுச் சமைத்துக் கொடுக்கின்றன. எலுமிச்சை மாவுப்பூச்சியில் டிரெம்ப்ளயாவின் மரபணுத் தொகுதி ஏறத்தாழ 1,39,000 எழுத்துகளுக்குச் சுருங்கிவிட்டது. நம் குடலில் வாழும் ஈ.கோலைக்கு 46 லட்சம் எழுத்துகள். அசுவினியின் நிரந்தரத் துணையான புக்னெராவுக்கு ஏறத்தாழ 6,40,000. புக்னெராவிலும் டிரெம்ப்ளயாவிலும் ஃபேஜ் இல்லை.

வெள்ளை ஈ இன்னும் கூர்மையான சான்று. குச்சிக்கிழங்கின் தேமல் நோயைப் பரப்பும் இந்தப் பூச்சியின் சில வகைகளிலும் ஹாமில்டோனெல்லா உண்டு, அதாவது அசுவினியைக் காக்கும் அதே பேரினம். ஆனால் வெள்ளை ஈக்குள் அது வைட்டமின் சமைத்துக் கொடுக்கும் வேலைக்கு மாறிவிட்டது. அதன் மரபணுத் தொகுதியை 2015-இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது நஞ்சு மரபணுக்களும் ஏப்சி ஃபேஜும் தொலைந்திருந்தன. காவல்காரன் சமையல்காரனாக மாறியபோது கையிலிருந்த தடியைக் கீழே போட்டுவிட்டான் என்று சொல்லத் தோன்றும். அது சரியான விளக்கமல்ல, பின்னால் சொல்கிறேன்.

இன்னொரு சோதனை, நோயிலிருந்து. யானைக்கால் நோய்ப் புழுவைச் சுமப்பது சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ் கொசு. அந்தக் கொசுவின் செல்களில் ஒரு வோல்பாக்கியா. அதன் மரபணுத் தொகுதியில் டபிள்யூஓ ஃபேஜின் ஐந்து பிரதிகள் செருகியிருப்பதை 2008-இல் எண்ணினார்கள். கொசுவுக்குள் இருக்கும் யானைக்கால் புழுவின் செல்களிலும் ஒரு வோல்பாக்கியா வாழ்கிறது. புழுவுக்கு அது இல்லாமல் முடியாது. டாக்சிசைக்ளின் கொடுத்து அதைக் கொன்றால் புழுவும் மலடாகி மெல்லச் சாகிறது. அந்த வகையைச் சேர்ந்த பிருகியா மலாயி புழுவின் வோல்பாக்கியாவை 2005-இல் வரிசைப்படுத்தியபோது அதில் முழுமையான ஃபேஜ் ஒன்றுகூட இல்லை. ஒரே கொசு, ஒரே பேரினத்துப் பாக்டீரியா இரண்டு. ஊர் விட்டு ஊர் போகும் பாக்டீரியாவிடம் ஃபேஜ் இருக்கிறது, ஒரே வீட்டில் அடங்கியதிடம் இல்லை.

இதை எதிர்த்து ஒருவர் கேட்கலாம்: மரபணுத் தொகுதி சுருங்கும்போது எல்லாமும்தான் போகிறது, ஃபேஜும் போகிறது, இதில் தனி அர்த்தம் என்ன இருக்கிறது? நியாயமான கேள்வி. ஃபேஜ் வேண்டாததால் விலக்கப்பட்டது என்று நான் சொல்லவில்லை. ஒரு ஃபேஜ் தழைக்க வேண்டுமானால் வேறு வேறு வழிவந்த பாக்டீரியாக்கள் ஒரே செல்லில் சந்திக்க வேண்டும். தாயிடமிருந்து மகளுக்கு மட்டுமே போய்க்கொண்டு, வெளியாரை ஒருபோதும் சந்திக்காத பாக்டீரியாவிடம் புதிய ஃபேஜ் வந்து சேர வழியில்லை, இருந்ததும் சிதைகிறது. பூச்சிகளின் வோல்பாக்கியா அப்படியல்ல. உலகின் கணுக்காலி இனங்களில் ஏறத்தாழ 40 சதவீதத்தில் அது இருப்பதாக ஒரு மதிப்பீடு உண்டு. ஓர் இனத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல் இவ்வளவு பரவியிருக்க முடியாது. எனவே ஃபேஜ் இல்லாமை காரணமல்ல, அறிகுறி. வெள்ளை ஈயின் ஹாமில்டோனெல்லா தடியைக் கீழே போடவில்லை; தடி விற்பவர்கள் வரும் சந்தைக்குப் போவதை நிறுத்திவிட்டது.

மாவுப்பூச்சியில் இதையே திருப்பிப் போட்டுச் சோதிக்கலாம். டிரெம்ப்ளயாவுக்குள் வாழும் இரண்டாவது பாக்டீரியா, வெவ்வேறு மாவுப்பூச்சி வழிகளில் பலமுறை புதியதால் மாற்றப்பட்டிருக்கிறது என்று ஹுஸ்னிக், மெக்கட்சியன் 2016-இல் காட்டினார்கள். அவர்கள் ஆராய்ந்தவற்றில் பப்பாளி மாவுப்பூச்சியும் துக்ரா மாவுப்பூச்சியும் இருந்தன. என் வாதம் சரியென்றால், அண்மையில் வந்து சேர்ந்த பாக்டீரியாவில் சிதைந்த ஃபேஜ் சுவடுகள் கூடுதலாகவும், பழையதில் குறைவாகவும் இருக்க வேண்டும். தலைகீழாக இருந்தால் வாதம் விழும்.

முதல் கூற்றுக்கும் ஒரு மட்டுப்பாடு உண்டு. டபிள்யூஓ ஃபேஜ் பல பூச்சிகளில் செத்த ஃபேஜ். தலையும் வாலும் கட்டும் மரபணுக்கள் சிதைந்திருக்க, சிஃப் மட்டும் பிழைத்திருக்கும். அந்த நிலையில் வைரஸ்தான் செய்கிறது என்று சொல்வது மிகை. ஃபேஜ் கொண்டுவந்த சொத்து என்பதே பொருத்தம். யாருடைய நலனுக்கு அது இன்று உழைக்கிறது என்பதை வழிக்கு வழி தனியாகப் பார்க்க வேண்டும். புதுச்சேரியிலுள்ள ஐ.சி.எம்.ஆர். நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆய்வு மையம் 2022-இல் வோல்பாக்கியா ஏற்றிய ஏடிஸ் கொசு வழிகளை உருவாக்கியதாக அறிவித்தது. டெங்கு வைரஸ் பெருகுவதைத் தடுப்பது அங்கே நோக்கம். கொசுக் கூட்டத்தில் அந்தப் பாக்டீரியா நிலைத்துப் பரவுவதற்கு உந்துவிசை, ஒரு ஃபேஜ் எப்போதோ கொண்டுவந்து சேர்த்த அந்த இரண்டு மரபணுக்கள்.

கொங்கு நாட்டுக்கு இதில் தனிக் கவலை வெயில். பட்டாணி அசுவினிச் சோதனைகள் பெரும்பாலும் 20 பாகை செல்சியஸ் ஒட்டிய அறைகளில் நடந்தவை. வெப்பம் ஏறும்போது ஹாமில்டோனெல்லாவின் பாதுகாப்பு தளர்வதை 2006-இலேயே பதிவு செய்தார்கள். ஏடிஸில் ஏற்றும் வோல்பாக்கியா வகைகளில் ஒன்று, பகல் வெப்பம் 37 பாகை வரை ஏறி இறங்கினால் வெகுவாகக் குறைந்துவிடுவதாக 2017-இல் ஆஸ்திரேலியக் குழு காட்டியது. சித்திரை வெயிலில் 40 பாகையைத் தாண்டும் ஈரோட்டில், கார்த்திகையில் எடுத்த மாதிரியை வைத்துக்கொண்டு ஆண்டு முழுவதற்கும் பேசக் கூடாது.

2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த அசெரோபேகஸ் பப்பாயே குளவி பப்பாளி மாவுப்பூச்சியை அடக்கியது. 2022-இல் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவுப்பூச்சிக்கு எதிராக அனாகைரஸ் லோபெசி குளவியை ஏத்தாப்பூரில் விட்டார்கள். முதல் வெற்றியை நாம் குளவியின் திறமையாக மட்டும் எழுதிவிட்டோம். எதிர்ப்புறம் நஞ்சு சுமக்கும் ஃபேஜ் இல்லாத பூச்சி நின்றதும் அதில் ஒரு பங்காக இருந்திருக்கலாம் என்பது என் ஐயம். அசுவினிக்கு எதிராக அதேபோலக் குளவி விட்டு, ஒரு வயலில் பலித்து அடுத்த வயலில் பொய்த்தால், குளவியின் தரத்தைக் குறை சொல்லுமுன் அசுவினியின் ஃபேஜைப் பார்க்க வேண்டும்.

பார்ப்பது கடினமல்ல. டபிள்யூஓ ஃபேஜின் உறைப்புரத மரபணுவுக்கு உரிய பி.சி.ஆர். சோதனை பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது, ஏப்சிக்கும் அப்படியே. கோபி, சத்தியமங்கலம், அந்தியூர் வளர்ப்பு மனைகளின் தரைவிரிசலில் உருளும் ஊசி ஈக் கூட்டுப்புழுக்களைச் சித்திரையில் ஒருமுறை, மார்கழியில் ஒருமுறை பொறுக்கலாம். கூடவே அதே மனையில் விட்ட நெசோலிங்ஸ் குளவிகளையும். ஒவ்வொன்றிலும் வோல்பாக்கியா, டபிள்யூஓ உறைப்புரதம், சிஃப் என்று மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். வோல்பாக்கியா இருந்து, உறைப்புரதம் இன்றி சிஃப் மட்டும் வந்தால், அங்கே இருப்பது செத்த ஃபேஜின் சொத்து. மூன்றும் வந்தால் வேட்டை இன்னும் நடக்கிறது. ஈயிலும் குளவியிலும் கிடைக்கும் உறைப்புரத வரிசைகளை அடுத்தடுத்து வைத்து, இரையிடமிருந்து குளவிக்கு ஃபேஜ் தாவியிருக்கிறதா என்று பார்ப்பது அதற்கடுத்த வேலை.