சமைத்து அனுப்பியதும் வளைந்து கொடுத்ததும்

கணினித் திரைக்காக எழுதிய பக்கத்தைக் கைப்பேசிக்குள் அடக்க, நேர் எதிரான இரு வழிகள் பிறந்தன. நார்வேயின் ஓப்பரா நிறுவனம் 2006இல் உலகெங்கும் வெளியிட்ட ஓப்பரா மினி, பக்கத்தை வழியிலேயே மறித்து, தன் சர்வரில் சமைத்துச் சுருக்கி அனுப்பியது. ஈத்தன் மார்க்கோட் 2010இல் பெயர் சூட்டிய 'ரெஸ்பான்சிவ்' வடிவமைப்போ, திரையின் அகலம் பார்த்துப் பக்கமே வளைந்து கொடுக்கட்டும் என்றது.

முன்னதில் வடிவமைப்பாளருக்கு வேலையே இல்லை. பக்கவாட்டில் அவர் நிறுத்திய மூன்று பத்திகள் அவரைக் கேட்காமலே ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டன. பின்னதில் முழுப் பாடும் அவருடையது. அவரும் பாடுபட்டு வந்து சேர்ந்தது அதே ஒற்றைப் பத்திக்குத்தான்!

சிக்கனத்தில் முன்னதே கெட்டி. தொடக்ககால ரெஸ்பான்சிவ் தளங்கள் பல, பெரிய படத்தை முழுதாக இறக்கிவிட்டுப் பிறகு குறுக்கிக் காட்டின. அந்த ஊதாரித்தனம் எனக்கு இன்றும் உறுத்தல்தான்.

தமிழ் வாசகரின் தராசில் ஓப்பரா மினிக்கு இன்னொரு படிக்கல்லும் உண்டு. ஜாவா போன்களில் தமிழ் வெறும் கட்டங்களாகத் தெரிந்த காலம் அது. முகவரிப் பட்டையில் 'ஓப்பரா:கான்ஃபிக்' என்று தட்டி, சிக்கலான எழுத்துகளுக்குப் பிட்மேப் எழுத்துரு என்னும் வரியில் 'யெஸ்' கொடுத்தால் போதும், சர்வர் எழுத்துகளைப் படமாகவே வரைந்து அனுப்பிவிடும். டேட்டா கூடுதலாகக் கரையும். ஆனால் தமிழ் தமிழாகத் தெரியும். வளையும் பக்கத்துக்கு அந்த வித்தை தெரியாது. எழுத்துரு போனில் இருக்க வேண்டும், அல்லது தளம் கொடுக்க வேண்டும்.

இத்தனை முரணுக்கு நடுவே இரண்டுக்கும் பிடிக்காத பொருள் ஒன்றே: 'எம்.' என்று தொடங்கும் தனி மொபைல் தளம். ஒரே தளம், ஒரே முகவரி என்பதில் இரண்டும் ஒரு கட்சி.

உறவு இன்னும் நெருக்கமானது. ரெஸ்பான்சிவ் முறை நிற்பது, திரை எத்தனை அகலம் என்று விசாரிக்கும் மீடியா குவெரி என்னும் தூணில். 2012இல் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையான அதன் வரைவுகளைத் தொகுத்தவர்களுள் ஒருவர் ஹோக்கன் வியூம் லீ. பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் மொழியை 1994இல் முன்மொழிந்த அவர், ஓப்பராவின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாகவும் இருந்தவர். பக்கத்தை மறித்துச் சமைத்த வீட்டார், அது தானே வளைவதற்கான இலக்கணத்திலும் கைவைத்திருக்கிறார்கள். வளையும் பக்கத்தை ஓப்பரா மினியில் திறந்தால் மீடியா குவெரிக்குப் பதில் சொல்வது சர்வர்தான். பக்கம் அங்கேயே வளைந்து, பிறகு சுருங்கி, போனுக்கு வருகிறது.