உக்கடத்தில் கற்ற பாடம்

நேற்று உக்கடம் பட்டறையில் பழைய பென்ஸ் காரின் பவர் ஸ்டீயரிங் பம்பைப் பிரித்திருந்தார்கள். ஆயில் சீல் இறுகி எண்ணெய் ஒழுகியதால், காற்றுப் புகுந்து வண்டி திரும்பும்போதெல்லாம் முனகியதாம்.

"புதுசு வேண்டாங்க சார், சீலும் பேரிங்கும் மாத்துனாப் போதுங்க" என்றார் மெக்கானிக் தம்பி.

அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ் 1926-லேயே இம்முறையைக் காரில் ஓட்டிக் காட்டினார். செலவு அதிகமென்று ஜெனரல் மோட்டார்ஸ் 1934-இல் கைவிட்டது. 1951-இல் கிரைஸ்லர் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, காலாவதியான அவருடைய காப்புரிமைகளே உதவின. உழைப்பு ஒருவருடையது, முந்திக்கொண்டவர் வேறொருவர்!

தம்பி, தகடுகளின் வளைந்த முனை வெளியே பார்க்கும்படி ஒவ்வொன்றாகப் பொருத்தினார். முனகல் நின்றது. பாஸ்கல் விதியைக் கரும்பலகையில் மட்டுமே காட்டிய எனக்கு, சற்று வெட்கமாகவே இருந்தது.