பனிக்காற்று

கொல்லும் கருவிகளுக்கு மென்மையான பெயர் சூட்டுவதில் ஜப்பானியக் கடற்படையை விஞ்சியோர் இலர் எனலாம். இரண்டாம் உலகப் போரில் அப்படை செலுத்திய நாசகாரிக் கப்பல் வகைகளுள் ஒன்று ‘ககேரோ’. கானல் என்பது அதன் பொருள். அவ்வகையைச் சேர்ந்த 19 கப்பல்களுள் பெரும்பாலானவை காற்றின் பெயரையும் நீரோட்டத்தின் பெயரையும் தாங்கின: முதற்காற்று, ஆடும் காற்று, கருநீரோட்டம். அவற்றுள் ஒன்றே ‘யுகிகாசே’, அதாவது பனிக்காற்று. (தமிழில் பனி எனின் புல்நுனித் துளியே முதலில் நினைவிலெழும், ‘யுகி’ வானினின்று உதிரும் உறைபனி.) சசெபோவில் கட்டப்பெற்று 1940 சனவரியில் பணியேற்ற இக்கப்பல் ஒன்றே, போர் முடிந்தபோது அப்பத்தொன்பதில் எஞ்சியிருந்தது.

ஜாவாக் கடல், மிட்வே, குவாடல்கனால், பிஸ்மார்க் கடல், லெய்ட்டே ஆகிய களங்களையெல்லாம் கண்டு அது மீண்டது. மாலுமிகள் அதனை நற்பேறு பெற்ற கப்பல் என்றனர். அப்புகழின் மறுபுறம் கொடியது. அது துணைசென்ற பெருங்கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாய் மூழ்கின: 1942 நவம்பரில் ஹியெ, 1944 நவம்பரில் கொங்கோவும், புத்தம்புதிய விமானந்தாங்கியான ஷினானோவும், 1945 ஏப்ரல் 7ஆம் நாள் யமாட்டோ. ஆதலின் பிற கப்பலோர் அதனைத் தீக்குறியென அஞ்சினர் என்றும் கூறுவர்.

நற்பேறு என்னும் சொல் மனித உழைப்பை மறைத்துவிடுகிறது. யமாட்டோவுடன் சென்ற 8 நாசகாரிகளுள் மீண்டவை நான்கே. அன்று கப்பல் தலைவர் தெராவுச்சி கட்டளை மேடையின் கூரைத் திறப்பில் தலையை நீட்டி, விழும் குண்டுகளைக் கண்ணாற் கண்டு, கீழிருந்த வழிகாட்டும் அதிகாரியின் தோளைக் காலால் உதைத்துத் திசை மாற்றுவித்தார் என்பர். இதைப் பேறு என்பதினும் விழிப்பு என்பதே பொருந்தும்.

எனினும் இக்கப்பலின் வாழ்வில் பெரிதும் நினைக்கத்தக்கது போருக்குப் பிந்திய காலமே. பீரங்கிகள் களையப்பெற்ற பனிக்காற்று, 1946இல் அயல்நிலங்களில் சிக்குண்டிருந்த 13,000க்கும் மேற்பட்டோரைத் தாயகம் சேர்த்தது. ரபாவுல் பகுதியில் இடக்கையை இழந்த இளைஞர் ஷிகேரு மிசுகி அவர்களுள் ஒருவர். பின்னாளில் புகழ்பெற்ற சித்திரக்கதைக் கலைஞரான அவர், தாம் கண்ட போரின் பொருளற்ற சாவுகளை ஒளிவின்றி வரைந்தார். எதிரிக் கப்பல்களைத் தாக்கப் படைக்கப்பட்ட கப்பல் அவ்வோராண்டில் ஆற்றிய பணிக்கு ஈடாக, அதன் போர்க்கணக்கில் எதனையும் வைத்தற்கில்லை.

1947 சூலையில் ஷாங்காயில் அது சீனக் குடியரசிடம் ஒப்படைக்கப்பட்டது. ‘தன்யாங்’ என்னும் புதுப்பெயருடன் தைவானில் பணிபுரிந்து, 1970களின் தொடக்கத்தில் உடைக்கப்பட்டது. சுக்கான் சக்கரமும் நங்கூரமும் மட்டும் ஜப்பானுக்குத் திரும்பி, எத்தாஜிமா கடற்படைப் பயிற்சிக் கழகத்தை அடைந்தன.