நாளைக்குப் படகு தள்ளலாமா?

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இல் கோட்டை கட்டினார்கள். கோட்டை போய்விட்டது; கல்லறைகள் மிஞ்சியிருக்கின்றன. ஆனால் அவர்கள் வருவதற்கு முன்பே அந்தக் கரையில் எழுந்த கேள்வி ஒன்று இன்றும் அப்படியே இருக்கிறது: "நாளைக்குப் படகு தள்ளலாமா?" தள்ளினால் உயிருக்கு ஆபத்து வரலாம், தள்ளாவிட்டால் அடுப்புக்கு ஆபத்து நிச்சயம். வாடையையும் கொண்டலையும் முகத்தில் வாங்கி, கடலின் நிறம் பார்த்துப் பெரியவர்கள் பதில் சொல்வார்கள். அந்தப் பதில் நாளைக்குச் செல்லும். அடுத்த வாரத்துக்குச் செல்லாது.

வானத்தைக் கணக்குப் போட்டே பிடித்துவிடலாம் என்று துணிந்தவர் லூயிஸ் ரிச்சர்ட்ஸன் என்ற ஆங்கிலேயர். முதல் உலக யுத்தத்தில் பிரான்ஸில் காயம் பட்டவர்களை ஏற்றிச் செல்லும் படையில் வேலை செய்துகொண்டே கணக்குப் போட்டார். ஆகாயத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பது. ஒவ்வொரு கட்டத்திலும் காற்றின் அழுத்தம், வேகம், ஈரம் இவற்றை எழுதுவது. பௌதிக விதிகளின்படி அடுத்த சில மணியில் அவை என்ன ஆகும் என்று பார்ப்பது. 1910 மே 20-ஆம் தேதியின் ஆறு மணி நேரத்துக்கு மட்டும் கணக்குப் போட ஆறு வாரம் பிடித்தது. காற்றழுத்தம் 145 மில்லிபார் மாறும் என்று விடை வந்தது. அன்று உண்மையில் அது அசையவே இல்லை என்று சொல்லலாம்! மனிதர் வெட்கப்படவில்லை. 1922-இல் அந்தத் தோல்வியையே புத்தகமாக அச்சிட்டார். வானத்தோடு சேர்ந்து ஓட 64,000 பேர் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும் என்றும் எழுதினார்.

அத்தனை பேருடைய இடத்தில் 1950-இல் அமெரிக்காவின் 'எனியாக்' யந்திரம் வந்து உட்கார்ந்தது. 24 மணி நேர வானிலையைச் சொல்ல அதற்கு ஏறக்குறைய 24 மணி நேரமே பிடித்தது. யந்திரம் வானத்தை எட்டிப் பிடித்துவிட்டது.

ஆனால் வானம் எளிதில் அகப்படுமா? 1961-இல் எட்வர்ட் லோரன்ஸ் என்ற விஞ்ஞானி தம் கம்ப்யூட்டரில் 0.506127 என்பதை 0.506 என்று சுருக்கிப் போட்டார். காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தால், யந்திரம் முற்றிலும் வேறொரு வானிலையைக் காட்டிக்கொண்டிருந்தது. கடுகளவு பிழை நாளாக ஆக மலையாகிறது. ஆகவே 1992 முதல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தொடக்க எண்களைச் சிறிது சிறிது மாற்றிப் பல தரம் கணக்குப் போடுகிறார்கள். விடைகள் கூடி நின்றால் நம்பலாம். விசிறிபோல் விரிந்தால் அடக்கி வாசிக்க வேண்டும்.

நம் நாட்டில் இத்தகைய கணக்குக்கென்று 1988-இல் ஒரு தேசிய மையம் ஏற்பட்டது. அதற்கு வேண்டிய கண்கள் பழவேற்காட்டு வாசலிலிருந்தே புறப்பட்டன. ஏரிக்கும் கடலுக்கும் நடுவேயுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான் 2002-இல் கல்பனாவும், 2016-இலும் 2024-இலும் இன்ஸாட் வானிலைத் துணைக்கோள்களும் மேலே சென்றன.

இவ்வளவு இருந்தும் 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் ஆட்டம் காட்டியது. புயலாகும் என்றார்கள், பிறகு ஆகாது என்றார்கள், 29-ஆம் தேதி ஆகிவிட்டது, 30-ஆம் தேதி புதுச்சேரியருகே கரை கடந்தது. கணக்கு பொய் சொல்லவில்லை. விசிறி விரிந்திருந்தது, நமக்கோ ஒரே பதில் வேண்டியிருந்தது.

2025 மே மாதம் தொடங்கிய நமது புதிய முறையில் ஒரு கட்டம் 6 கிலோமீட்டர். பழவேற்காட்டு முகத்துவாரமோ அதற்குள் ஒரு சிறு வாசல். அங்கே மணல் தூர்ந்திருக்கிறதா, நீர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதைப் படகோட்டிதான் பார்க்க வேண்டும்.

இந்த ஏரியில் 'பாடு' என்று ஒரு வழக்கம் உண்டு. நல்ல இடம் எல்லோருக்கும் ஒரே நாளில் வாய்க்காது; ஆகவே சீட்டுப் போட்டு, முறை வைத்து வலை கட்டுவார்கள். அதிர்ஷ்டத்தைப் பங்கு போடத் தெரிந்த அந்த மக்களிடம், "பத்தில் மூன்று பங்கு புயல்" என்று சொன்னால் புரியாதா? புரியும். "போகாதே" என்று மட்டும் சொல்வதைவிட அந்தப் பத்தையும் மூன்றையும் சொல்வதே மரியாதை. ஏனென்றால், தள்ளாத படகின் ஒரு நாள் கூலி எந்தக் கம்ப்யூட்டரின் கணக்கிலும் வருவதில்லை. அது அந்த வீட்டுக் கணக்கில்தான் வருகிறது.